இலையின் அடிப்பக்கம்

இருமல் நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று தவநேசனுக்குத் தெரியவில்லை. குசினித் தொட்டியில் கிண்ணத்தைக் கழுவத் தண்ணீரைத் திறந்தபோது படுக்கையறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அந்தக் கரகரப்பு வந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீரை மூடியபோது இல்லை. நின்றால் நல்லதுதானே என்று நினைத்தார். நிற்பதற்காகத்தானே கொடுத்தது. ஒரு கிழமையாய் மனைவி பவளராணியின் நெஞ்சுக்குள் கிடந்து அறுத்த சளி. டொக்டர் வைரஸ் என்று சொல்லிக் கையை விரித்துவிட்டான், தண்ணீர் நிறையக் குடி என்றான், இந்த நாட்டு டொக்டர்மாருக்கு அதைவிட்டால் வேறென்ன தெரியும். மத்தியானம் அவள் இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "பொறும், நான் ஒண்டு செய்து தாறன்" என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் பின்வளவுப் பனிக்குள் இறங்கிப்போய் ஒரு கை நிறைய இலை பிடுங்கி வந்தவர் அவர்தான். சுக்கும் மல்லியும் திப்பிலியும் தட்டிப் போட்டு அந்த இலையையும் போட்டு, அடுப்படியில் நின்று, கிண்ணத்தில் வடித்து, ஊதி ஊதிக் கொடுத்தார். அவள் ஒரு மிடறு குடித்துவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தாள். "நல்லாக் கைக்குது." "மருந்தெண்டா கைக்கும்தானே, குடியும்." குடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துக் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள், சின்னப்பிள்ளை மாதிரி. பிறகு, "கொஞ்சம் படுக்கப்போறன், எழுப்பாதேங்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவ்வளவுதான். எழுப்பாதேங்கோ என்று அவளே சொன்னாள். ஆகவே எழுப்ப வேண்டியதில்லை. இப்படி நினைத்துக்கொண்டே மேசையைத் துடைத்தபோதுதான் வெட்டுப்பலகையின் ஓரத்தில் தப்பிக் கிடந்த அந்தச் சின்ன நுனிக்கொப்பு கையில் தட்டுப்பட்டது. அதில் இரண்டு இலைகள். ஒன்றுக்கொன்று நேர் எதிரே.

நேர் எதிரே. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார். அவர் பின்வளவில் வளர்க்கிற லப்ரடோர் தேயிலையின் இலை எதிரெதிரே வராது. மாறி மாறி வரும், ஒன்று இந்தப் பக்கம், கொஞ்சம் தள்ளி மற்றது அந்தப் பக்கம். எதிரெதிரே வருவது மற்றது. ஒரே சதுப்பில், ஒரே பாசிக்குள், தோளோடு தோள் உரசிக்கொண்டு வளர்கிற மற்றது. போக் லோரல். அதுவும் குளிருக்குச் சாகாது, அதுவும் இலை உதிர்க்காது, அதன் இலையும் தோல் மாதிரித் தடித்து ஓரம் உள்ளே சுருண்டிருக்கும். பூத்தால் தெரியும், தேயிலை வெள்ளை, மற்றது இளஞ்சிவப்பு. ஆனால் கார்த்திகை மாதப் பனிக்குள் எது பூக்கிறது. மற்றதைத் தின்ற ஆடு வாயில் நுரை தள்ளி விழும். மனிசருக்கு நெஞ்சுத் துடிப்பு இறங்கும், இறங்கி இறங்கி நின்றும் போகலாம். இது அவருக்குத் தெரியாததா? தாவரவியல் படிக்கக் கம்பசுக்குப் போனவர். சண்டை வந்து பாதியில் விட்டாலும் படித்தது படித்ததுதானே. இரண்டையும் அருகருகே பிடித்துக் காட்டித் தன் சிநேகிதன் கிருபாகரனுக்குப் பாடம் எடுத்தவர்: "அடிப்பக்கத்தைப் பார் தம்பி. தேயிலையெண்டா துரு நிறத்தில கம்பளி மாதிரி மயிர் இருக்கும். மற்றதெண்டா சுண்ணாம்பு பூசினமாதிரி வெள்ளை, மொட்டை. மேலால பாத்து ஏமாறக்கூடாது." மேலால பாத்து. இன்று மத்தியானம் அவர் எந்தப் பக்கத்தைப் பார்த்தார்? கையுறை போட்டிருந்தது. பனி கண்ணுக்குள் அடித்தது. உள்ளே அவள் இருமிக்கொண்டிருந்தாள். பார்க்கவேயில்லை. தன்னுடைய செடிதானே, தன் கையால் நட்டதுதானே என்று உருவிக்கொண்டு வந்தார். ஆனால் நட்டது ஒரு செடியா? சதுப்பிலிருந்து பாசிக் கட்டியோடு அப்படியே பெயர்த்து வந்த பற்றை அது. அந்தக் கட்டிக்குள் வேறு என்னென்ன வேர் கிடந்ததோ. இரண்டு வருடத்தில் எது எதற்குள் புகுந்து முளைத்ததோ.

போய்ப் பார்க்கலாம். கதவைத் திறந்து அவளைப் பார்க்கலாம். கையைப் பிடித்து நாடி பார்க்கலாம். அவர் அசையவில்லை. நித்திரை கொள்ளுகிறவளை எழுப்பி என்ன சொல்வது, உமக்கு நான் தந்தது என்னவென்று எனக்கே தெரியாது என்றா? எழும்பிச் சிரிப்பாள். சிரித்தால் நல்லது. சிரிக்காவிட்டால்? கதவு சாத்தியிருக்கும் வரைக்கும் அவள் நித்திரை. இது முட்டாள்தனம் என்று தெரிந்தது, தெரிந்தும் கால் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தான் எப்போதும் இப்படித்தான் என்று நினைத்தார். பலகை ஆலை மூடப்போகிறது என்று எல்லாரும் ஊரைவிட்டுத் தெற்கே ஓடியபோதும் இப்படித்தான், கடைசிக் கிழமை வரைக்கும் அந்தக் கதையைக் காதில் போடாமல் வேலைக்குப் போனார். பிறகு இரண்டு மாரிகாலம் ஜன்னலுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சவரம் இல்லை, பேச்சில்லை. ஒரு பின்னேரம் கராஜுக்குள், பூட்டிய காருக்குள், செத்துப்போவோம் என்று போய் இருந்தார். பவளராணிதான், அவருடைய பவாதான், கதவை உயர்த்தினாள். கத்தவில்லை, அழவில்லை, வெளிச்சத்துக்கு முதுகைக் கொடுத்து நின்று, "சோறு ஆறுது, வாங்கோ" என்றாள். அவர் எழும்பி வந்து சாப்பிட்டார். அதைப்பற்றி அதற்குப் பிறகு ஒரு சொல் இல்லை. கார்த் திறப்பு மட்டும் அன்றிலிருந்து அவளுடைய கைப்பைக்குள் இருந்தது. அடுத்த வசந்தத்தில் அவரை நாய்க்குட்டியை இழுக்கிறமாதிரி இழுத்துக்கொண்டு தண்டவாளத்தோரம் நடக்கப் போனாள். பனி உருகிய சதுப்பு, கறுத்த தண்ணீர், அரைகுறையாய் நின்ற ஸ்புரூஸ் மரங்கள், அவற்றின் காலடியில் இந்தப் பற்றை, அந்தக் குளிரையெல்லாம் தின்றுவிட்டுப் பச்சையாக. அவர் குனிந்தார். ஏன் குனிந்தார் என்று தெரியாது. ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார், நசுக்கி மணந்தார், கற்பூரமும் தேசிக்காய்த் தோலும் கலந்தமாதிரி ஒரு மணம். "இது என்னப்பா?" என்று பவா கேட்டாள். அவர் சொன்னார். குடும்பம், பேரினம், எல்லாம் சொன்னார். இரண்டு வருடத்தில் அவ்வளவு நீளமாக அவர் பேசியது அன்றைக்குத்தான். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கொண்டுபோய் வளர்ப்பமே?" என்றாள்.

வளர்த்தார். இந்த நாட்டில் அவர் கை வைத்ததில் சாகாதது அது ஒன்றுதான். கறிவேப்பிலை ஜன்னலோரம் பேன் பிடித்துச் செத்தது, முருங்கை ஐப்பசியோடு குச்சியாய்ப் போனது. இதற்கு வெயில் வேண்டும், காலில் எப்போதும் ஈரம் வேண்டும், மண் புளிக்க வேண்டும். பழைய குளியல் தொட்டியைப் பின்வளவில் புதைத்து, பீற்மொஸ் என்கிற மக்கிய சதுப்புப் பாசியை நிரப்பி, மேலே பைன் ஊசியிலைகளைத் தூவி, குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறதென்று கூரையில் வழிகிற மழைத்தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினார். உரம் போடவில்லை, சோறு போட்டுக் கெடுக்க முடியாத சாதி அது, பட்டினியில்தான் தழைக்கும். "என்னைவிட அவளுக்குத்தான் கவனிப்புக் கூட" என்று பவா செடியைக் காட்டிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். தை மாதம் இடுப்பளவு பனிக்கடியில் அது கிடக்கும். இலையெல்லாம் தொங்கிச் சுருண்டு பழுப்பேறிச் செத்ததுபோல இருக்கும், சாகாது. ஒருநாள் அவர் பனியைக் கையால் கிளறி இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது குசினி ஜன்னலில் பவா நின்றாள். சட்டென்று திரையை இழுத்துவிட்டாள். காவல் நின்றிருக்கிறாள். அவருக்கு அன்று கோபம் வந்தது. இன்று அந்த ஜன்னலோரம் அவர் நிற்கிறார், கையில் இரண்டு இலைக் கொப்போடு, கதவுக்கு அப்பால் ஒரு சத்தமும் இல்லை.

வடி. வடிக்குள் சக்கை இருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றியது. கழுவவில்லை, குப்பையிலும் போடவில்லை. ஒரு வெள்ளைப் பீங்கானை எடுத்துச் சக்கையைக் கொட்டினார். மல்லியும் சுக்கும் அப்பிய கறுப்பு இலைகள், வெந்து குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. விரல் நுனியால் ஒன்றைப் பிரித்தார். சூடு இன்னும் போகவில்லை. திருப்பினார். துரு. நனைந்த பூனை மயிர் மாதிரிப் படிந்திருந்தாலும் துரு. அடுத்தது. துரு. அடுத்தது வெளிறியிருந்தது, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நகத்தால் சுரண்டினார், மயிர் எழுந்தது. இந்த வருடத் தளிர், தளிருக்குக் கம்பளி வெள்ளையாகத்தான் வரும், பிறகுதான் துருவேறும். ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பீங்கானின் விளிம்பைச் சுற்றி அடுக்கிக்கொண்டே போனார். பரீட்சை மேசையில் நிற்பதுபோல் இருந்தது. மொட்டையாய் ஒன்றுமில்லை. ஒன்றுகூட இல்லை. பிறகு அந்தக் கொப்பை எடுத்து நகத்தால் இலைக்காம்பு இருந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தார். ஒன்று மேலே, ஒன்று ஒரு நூலளவு கீழே. நுனியில் நெருக்கமாய் நின்றதால் எதிரெதிரே போலத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். பயந்த கண்ணுக்குப் பட்டதெல்லாம் பேய். தவநேசன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிரிக்க வேண்டும்போல் இருந்தது. தேயிலைதான். தன்னுடைய தேயிலைதான். அவள் நித்திரைதான் கொள்ளுகிறாள். இருமல்தான் நின்றிருக்கிறது.

ரெலிபோன் அடித்தது. அவள் எழும்பிவிடுவாள் என்று பாய்ந்து எடுத்தார். கிருபாகரன். ஊர் விளிம்பில் பெற்றோல் ஷெட் வைத்திருக்கிறவன். அந்த வடக்கு நகரத்தில் மிஞ்சியிருந்த இன்னொரு தமிழ்க் குடும்பம் அவனுடையது.

"என்ன புல்லு டொக்டர், எப்பிடி? அக்கான்ர இருமல் என்னமாதிரி?"

"நிண்டிட்டுது."

"உண்மையாவோ?"

"என்ர மருந்தடா. குடிச்சிட்டுப் படுத்தவ, பிறகு ஒரு இருமல் இல்லை."

"பாத்து அண்ணை, ஆளே நிண்டிடப்போறா." அவன் சொன்ன பகிடிக்கு அவனே விழுந்து விழுந்து சிரித்தான். தவநேசனும் சிரித்தார். அவ்வளவு நேரப் பயமும் சிரிப்பாய் வெளியே கொட்டியது. "இஞ்சை மாமிக்கும் அதே இருமல்தான். மனிசி கேக்கிறா, எங்களுக்கும் ஒரு போத்தல் செய்து தருவியளோ எண்டு."

"இலை தாறன், நீங்களே செய்யுங்கோவன்."

"ஐயோ வேண்டாம். அவவுக்குப் பயம். நீங்கள்தானே அண்டைக்குச் சொன்னனீங்கள், சுடுதண்ணியை ஊத்தி உடனை வடிச்செடுக்க வேணும், அடுப்பில வைச்சுக் கொதிக்க விட்டா அந்த இலையில இருக்கிற கூடாத சாமான் இறங்கி இதயத்தைப் பிடிக்கும் எண்டு. இவள் எதையும் அடுப்பில வைச்சிட்டு மறந்துபோற ஆள். உங்கட கையால செய்தாத்தான்... அண்ணை? அண்ணை, நிக்கிறியளோ?"

"நிக்கிறன். பிறகு எடுக்கிறன்."

வைத்தார். நேராக அடுப்பைப் பார்த்தார். பாத்திரம் இன்னும் அடுப்பில்தான் இருந்தது. உள்ளே, விளிம்புக்குச் சற்றுக் கீழே, தண்ணீர் தொடங்கிய இடத்தில் ஒரு பழுப்பு வளையம். அடியில், கிட்டத்தட்ட அடித்தட்டை ஒட்டி, இன்னொரு வளையம். இரண்டுக்கும் நடுவில் இருந்ததெல்லாம் ஆவியாய்ப் போய்விட்டது. எட்டுக்கு ஒன்றாய் வற்றக் காய்ச்சியிருக்கிறார். குடிநீர்க் கஷாயம் காய்ச்சுகிறமாதிரி. இரண்டு வருடமாய் அந்த இலையில் தேத்தண்ணி போட்டுக் குடித்தவர், இரண்டு மூன்று இலை, சுடுதண்ணீர், வடி, அவ்வளவுதான், ஒருநாளும் பிழைத்ததில்லை. ஆனால் இன்று அது தேத்தண்ணி இல்லை, மருந்து. மருந்து என்று மனம் சொன்னதும் கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்துவிட்டது. சுக்கைத் தட்டியது, நெருப்பைக் குறைத்தது, மூடியைச் சரித்து வைத்தது, எட்டொன்றாய் வற்றும் வரைக்கும் காத்து நின்றது. காய்ச்சல்காரருக்கு எங்களில் எந்த வீட்டில் குடிநீரை வற்றாமல் இறக்கியிருக்கிறார்கள், தண்ணியாய்க் கொடுத்தால் அதை யார் மருந்தென்று குடிப்பார்கள். வாசம் வர வர அவர் பெருமையோடு நின்றார், நல்லாய் இறங்குது, நல்லாய் இறங்குது என்று. இலையைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதன். அடுத்த வீட்டானுக்குச் சொன்ன புத்தியைத் தன் அடுப்படியில் மறந்த மனிதன். செடி பிழையில்லை. அவர் அடையாளம் பிழைத்தது செடியில் இல்லை, தன்னில். ஒரு கை நிறைய இலையின் முழுச் சத்தும் ஒரு கிண்ணத்துக்குள். நல்லாக் கைக்குது என்றாள். மருந்தெண்டா கைக்கும்தானே என்றார். அவள் எவ்வளவு நேரமாய்ப் படுத்திருக்கிறாள்? இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த நேரம், கொப்போடு நின்ற நேரம், கிருபாவோடு சிரித்த நேரம், எல்லாம் அவளுடைய நேரம். இருமலையும் காணவில்லை, புரண்டு படுக்கிற சத்தத்தையும் காணவில்லை. அவர் ரெலிபோனைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். குசினிக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் ஒரு சின்ன நடைவழிதான். பிடியில் கை வைத்தபோது, மனதின் ஒரு மூலை, இன்னும், இப்போதும், நித்திரையாய் இருந்தால் எழுப்பக்கூடாது, மெல்லத் திற என்றது. தன்னையே காறித் துப்பவேண்டும்போல் இருந்தது. திறந்தார்.

கட்டிலில் அவள் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், தரையில், சுவரில் தலையைச் சாய்த்து இருந்தாள். மடியில் குப்பைக்கூடை. அறை முழுக்கப் புளித்த வாடை. சால்வையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துப் பிடித்திருந்தாள். சத்தம் வெளியே போகாமல் இருக்கத்தான் என்று அவருக்கு உடனே விளங்கியது. அவரைக் கண்டதும் சால்வையை எடுத்தாள். உதடு சாம்பல் பூத்திருந்தது.

"எழும்பேலாமல் கிடக்கு," என்றாள். "கால் சொல்லுக் கேக்குதில்லை."

"பவா, ஏன் கூப்பிடேல்லை? நான் இஞ்சைதானே நிண்டனான்!"

"முழுக்க வெளியால வந்திட்டாச் சரியாப் போயிரும் எண்டு நினைச்சன்." மூச்செடுத்தாள். "நீங்கள் அறிஞ்சா... திரும்பக் கராஜுக்க போயிருவியள்."

அவர் அவளுக்குப் பக்கத்தில் விழுந்ததுபோல் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். தோல் ஈரமாய்க் குளிர்ந்திருந்தது. ஒரு துடிப்பு. பிறகு ஒன்றுமில்லை. பிறகும் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று, எங்கேயோ ஆழத்திலிருந்து, வருவதா விடுவதா என்று யோசித்து வந்ததுபோல. மற்றக் கையால் 911 அமத்தினார். பெண் குரல், பொலிசா, தீயணைப்பா, அம்புலன்சா என்று ஆங்கிலத்தில் கேட்டது. பதினெட்டு வருடம் அந்த மொழியில் ஆலையில் வேலை செய்தவர் வாயைத் திறந்தார். "என்ர மனிசி," என்றார், "அவ ஒண்டு குடிச்சிட்டா, நான்..." தமிழில் வந்தது. சேர், என்றது குரல், சேர், இங்கிலிஷ், பிளீஸ். திரும்பவும் திறந்தார், திரும்பவும் தமிழ்தான் வந்தது.

"'பாய்சன்' எண்டு சொல்லுங்கோ," என்றாள் பவா.

"பாய்சன்," என்றார்.

என்ன குடித்தார், எவ்வளவு, தானாய்க் குடித்தாரா, யாரும் கொடுத்தார்களா என்று குரல் கேட்டுக்கொண்டே போனது. அது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். "நானாப் பிடுங்கிக் குடிச்சது எண்டு சொல்லுங்கோ," என்றாள். சொன்னதோடு நிற்காமல், பிடிபட்டிருந்த கையாலேயே அவருடைய விரல்களை அழுத்தினாள். அந்த அழுத்தத்தில் பலமே இருக்கவில்லை. அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம், வேண்டாம்.

"நான்தான் குடுத்தது," என்று ஆங்கிலத்தில் சொன்னார் தவநேசன். "நான்தான் காய்ச்சினது. நான்தான் குடிக்கச் சொன்னது." செடியின் பெயரைச் சொன்னார். எவ்வளவு இலை என்று சொன்னார். வற்றக் காய்ச்சியது என்பதற்கு அந்த மொழியில் சொல் கிடைக்காமல், நிறைய நேரம், நிறைய நேரம் கொதிக்க வைத்தேன் என்று இரண்டுமுறை சொன்னார். பவா கண்ணை மூடிக்கொண்டாள். அவளை மயங்க விடாதீர்கள், பேசிக்கொண்டே இருங்கள், இப்போது முகவரியைச் சொல்லுங்கள் என்றது குரல்.

"மூடாதேயும். பவா, கண்ணை மூடாதேயும். என்னைப் பாரும்."

பார்த்தாள். கோபத்தோடு பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவர் காணாத கோபம். தான் காவல் காத்ததையெல்லாம் ஒரு நொடியில் தூக்கிக் கொடுத்துவிட்டீர்களே என்கிற கோபம். அந்தப் பார்வை கலையாமல் இருக்கவேண்டும் என்று, கண்ணை எடுக்காமல், அவர் தெருவின் பெயரை எழுத்தெழுத்தாய்ச் சொல்லத் தொடங்கினார்.